பேய்க்காரருக்குப் பல் செய்தவள்

அக்கா போய் நேற்றோடு ஒரு வருடம் முடிந்தது. இனி இதை எழுதினால் நோகக்கூடியவள் நான் ஒருத்திதான். என் நோவைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அது கூடவே இருந்து பழகிவிட்டது.

ஊரில் பாதிப்பேர் அக்காவைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் கைவேலையை வாயில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், மருமகளை ஏசினார்கள். ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்வது அவள் வேலை. பத்தொன்பது வயதில் சேர்ந்தாள், முப்பத்திரண்டு வருடம் செய்தாள். "வாய்க்கு எத்தனை பல்லோ அத்தனை வருஷம். சரியாப் போச்சு" என்று சொல்லித்தான் வேலையை விட்டாள்.

முன்னால் வாசல் மேசையில் நான். பெயர் எழுதுவது, முறைப்படி உள்ளே அனுப்புவது, "ஒரே ஒரு நிமிஷம்தாங்க" என்று நுழையப் பார்க்கிறவர்களை மறிப்பது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால்தான் டாக்டர் என்னை அந்த இடத்தில் உட்கார வைத்தார். அக்காவுக்கு நேர்மாறு. முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். ஊருக்கெல்லாம் பல்வரிசை செய்து கொடுத்தவள் தன் பல்லைத் தொடவே இல்லை. கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து இரண்டே வருடத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் என்று துருவியவர்களுக்கு "அளவு சரியில்லை" என்று ஒரே பதில். அதற்குமேல் என்னாலும் அவள் வாயைப் பிடுங்க முடியவில்லை. அன்றிலிருந்து கடைசிவரை என்னோடுதான் இருந்தாள்.

அவள் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டாக்டர் நோயாளியின் வாயில் ஒரு ட்ரேயில் குழைத்த மாவை வைத்து அழுத்தி அளவு எடுப்பார். அது ஒரு சீட்டோடு பின்னறைக்கு வரும். அக்கா அதில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்தால், அந்த ஆளின் வாய் வெள்ளைவெளேரென்று மேசைமேல் உட்கார்ந்திருக்கும். அதற்கு மாடல் என்று பேர். அந்த மாடலின்மேல்தான் அண்ணத்தோடு ஒட்டிப் பல்லைத் தாங்கும் பிளேட், பல் எல்லாம் உருவாகும். அளவெடுக்கும்போது மாவுக்குள் காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் மாடலில் அந்த இடம் சின்ன மொட்டாகப் புடைத்து நிற்கும். கத்தி முனையால் அதைச் சீவிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். என்னோடு பேசிக்கொண்டே, பார்க்காமலே சீவுவாள்.

வாயைப் பார்ப்பது டாக்டர், மாடலைப் பார்ப்பது அக்கா. டாக்டர் சீட்டு இல்லாமல் ஒருவரும் பின்னறைப் பக்கம் போகக் கூடாது. அந்த விதியைக் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம்.

பேய்க்காரர் எங்கள் கிளினிக்குக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் அம்மா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் அவர்தான் பேய். அவர் படம் பார்த்துவிட்டு வந்து எங்கள் அம்மா ஒரு வாரம் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் குளித்தாளாம். பிறகு படங்கள் நின்றுபோயின. அவர் நாடகத்துக்கே திரும்பிப் போனார். சனிக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு ஒரே நாடகம். அதில் கோரைப்பல் வைத்துக்கொண்டு வர வேண்டும். யாரோ செய்துகொடுத்த பிளேட் தடிமனாக இருந்து, பேசும்போது விசில் அடித்தது. பயப்பட வேண்டிய இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள்.

"பேய் விசிலடிச்சா யாரும்மா பயப்படுவாங்க?" என்று என்னிடம் வந்து நின்றார். ஆறடி உயரம், குழிவிழுந்த கன்னம், கையில் குடை. காத்திருந்த ஒரு குழந்தை வீலென்று அலறியது. அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. "நான் வெளியில நிக்கிறேன்" என்று தெருவுக்கே போய்விட்டார்.

அன்று டாக்டர் அளவெடுத்தார், சீட்டு எழுதினார், எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அக்கா பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பல்லா, கல்லா?" என்றாள். மூன்று நாள் உட்கார்ந்து அப்பளம் போல மெல்லிசாக ஒன்று செய்தாள். அவரை வரவழைத்து, அதை மாட்டிக்கொண்டு செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர் வானிலை அறிக்கையைப் படித்தார். நாளை லேசான மழை பெய்யும் என்பதை அந்தக் குரலில் கேட்டதும் எனக்கு முதுகு சில்லிட்டது. விசில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் டிக்கெட் கொடுத்து அனுப்பினார். எனக்குப் பேய்க் கதைகள் என்றால் ஆகாது. கத்துவார்கள், ஓடுவார்கள், விளக்கு அணையும். இதற்கு எங்கள் வீட்டு மின்சாரமே போதும். அக்கா இழுத்துக்கொண்டு போனாள்.

இறந்துபோன குடும்பத் தலைவர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். வீட்டில் ஒருவர் கண்ணிலும் அவர் படவில்லை. அவ்வளவுதான் கதை. பேய்க்காரர் கத்தவில்லை, பாயவில்லை. கதவைத் திறந்து வந்தார், காலணியை ஓரமாகக் கழற்றி வைத்தார், உட்கார்ந்தார். தன் இடத்தில் தனக்குத் தட்டு வைக்கப்படவில்லை என்பதைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முந்நூறு பேர் இருந்த கொட்டகையில் ஒரு இருமல் இல்லை. நான் பயந்தேனா, அவருக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு மணி நேரம் அவர் உதடு பிரிந்து பல் தெரியவே இல்லை. கடைசியில், திரை விழுவதற்கு முன்னால், ஒரே ஒரு நொடி சிரித்தார். அப்போதுதான் கோரைப்பல் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த தடியன் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பார்த்தியா, என் பல்லு" என்றாள் அக்கா. கண்ணில் நீர் நின்றது. அந்த ஒரு நொடிக்குத்தான் மூன்று நாள் வேலை.

நாடகம் முடிந்தும் பேய்க்காரர் வீட்டுக்குப் போவதில்லை. பக்கவாட்டு வாசலில் மேக்கப்போடு நிற்பார். உள்ளே அழுத குழந்தைகளை அம்மாக்கள் அங்கே கூட்டி வருவார்கள். அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து, பிளேட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். "தொட்டுப் பாரு. கடிக்காது." குழந்தை தொடும். சிரிக்கும். கடைசிக் குழந்தை சிரிக்கும்வரை அவர் மேக்கப்பைக் கலைக்கமாட்டார். ஒருநாள் ஒரு குழந்தைக்காக முக்கால் மணி நேரம் தெருவில் உட்கார்ந்திருந்ததை நாங்களே பார்த்தோம்.

"பயத்தைக் கொடுத்தவன்தானேம்மா திருப்பி வாங்கிக்கணும். அதை அவங்க வீட்டுக்கா அனுப்புறது?" என்றார்.

அன்றைக்கு அக்கா அவரிடம் விழுந்தாள். காதலா என்று கேட்கிறவர்கள் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம். அவளை யாரும் "நல்லா செஞ்சிருக்கே" என்று சொன்னதில்லை. பல் பொருந்தினால் டாக்டருக்குப் புகழ், பொருந்தாவிட்டால் பின்னறைக்குத் திட்டு. இந்த மனுஷர் மட்டும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வழியில் இறங்கி, சனிக்கிழமை பல் எப்படி வேலை செய்தது என்று சொல்லிவிட்டுப் போவார். "மூணாவது வரிசையில ஒருத்தர் செருப்பை விட்டுட்டு ஓடிட்டாரும்மா." அக்கா கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். "மேடையில மட்டும்தான்டி அவர் நடிக்கிறாரு. கீழே இறங்கிட்டா அந்த வாயில ஒரு பொய் வராது" என்று வீட்டுக்கு வந்து சொல்வாள். ஏதோ தான் செய்து கொடுத்த வாய் போல.

கோரைப்பல் தேயும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் முன்வாசலில் காத்திருந்தால் ஒரு குழந்தையாவது அலறும், அவர் கூனிக்குறுகுவார். என்னால் பார்க்க முடியவில்லை. ஒருநாள் நானே, "ஐயா, நீங்க பக்கத்துக் கதவு வழியா நேராப் பின்னால போங்க. உங்களுக்கு எதுக்குச் சீட்டு?" என்றேன். அக்காவுக்கு அளவெடுக்கத் தெரியும், வருடக்கணக்காகப் பார்த்தவள். டாக்டரும் கண்டுகொள்ளவில்லை. அவர் வாய்க்கு என்ன வைத்தியமா பார்க்கிறோம், வேஷப் பல்தானே. அப்படிப் பதினாலு வருடம் அந்தப் பக்கத்துக் கதவை அவருக்கு நான் திறந்துவிட்டேன். "வாசல்காரம்மா புண்ணியம்" என்பார் நுழையும்போதெல்லாம். எத்தனையோ பேரை அந்த மேசையில் மறித்தேன். மறிக்கவேண்டிய ஒரே ஆளுக்கு மரியாதை கொடுத்தேன்.

பதினாலாவது வருடம் ஒரு திங்கட்கிழமை, "இடது பக்கம் லேசா உரசுதும்மா" என்றார்.

அக்கா பிளேட்டை வாங்கி அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து மறுபடி உரசியது. பிளேட்தான் கோணிவிட்டதென்று புதிதாக அளவெடுத்து வேறு செய்தாள். அதுவும் உரசியது. அவளுக்குத் தன்மேலேயே கோபம். "எனக்குக் கை போயிடுச்சுடி. பதினாலு வருஷமா பொருந்தின வாய் இப்ப ஏன் பொருந்தல?" என்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து புலம்புவாள். ஐந்து மாதத்தில் ஐந்து அளவு. ஒவ்வொரு தடவையும் அவர், "என் வாய்தான்மா கிழவனாயிடுச்சு, உன் கை இல்லை" என்று சமாதானம் சொல்வார். வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

ஆறாவது தடவை வந்தபோது கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. ஏதோ சாமான் எடுக்கப் பின்னறைக்கு வந்த டாக்டர் அதைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து விளக்கடித்துப் பார்த்தார். உடனே போய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொண்டுவந்து, "இன்னிக்கே போங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க" என்றார்.

புற்று. மேல்வாயில் இடது பாதியை எடுத்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று அக்கா பின்னறையிலிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேசையில் அந்த ஐந்து மாடல்களையும் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் தேதி. என் விரலைப் பிடித்து இரண்டாவது மாடலின் இடது பக்கத்தில் வைத்தாள். வழுவழுப்பான அண்ணத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் தட்டையாக, கத்தி பட்ட சொரசொரப்போடு இருந்தது.

"என்னக்கா இது?"

"மொட்டு இருந்துச்சுடி. மிளகு மாதிரி. காத்துக் குமிழின்னு சீவிட்டேன்."

மூன்றாவதிலும் அதே இடத்தில் சீவல். நாலாவதில் இன்னும் அகலமாக. ஐந்தாவதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு.

"காத்து எங்கேயாவது ஒரே இடத்துல நாலு தடவை வந்து உட்காருமா? முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறவ கேக்க வேண்டாமா? அவரு வாயில வளர்ந்துக்கிட்டே இருந்திருக்கு, நான் பிளாஸ்டர்ல சீவிக்கிட்டே இருந்திருக்கேன். சீவின மாடல்மேல பிளேட் செஞ்சு, அதை அந்தப் புண்ணுமேலயே வெச்சு அழுத்தியிருக்கேன். உரசாம என்ன பண்ணும்?"

நான் ஏதேதோ சொன்னேன். நீ டாக்டரா, உனக்கு எப்படித் தெரியும், அவரே காட்டியிருக்கலாமே என்று. கதவைத் திறந்துவிட்டவள் நான் என்பதைச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்கா சாப்பாட்டைக் கொறித்தாள். தூக்கம் போயிற்று. எடை பாதியானது. வேலைக்கு வருவாள், கத்தியை எடுப்பாள், மாடலில் ஒரு குமிழி மொட்டைக் கண்டால் சீவமாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டாக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம், "உங்க அக்காவை எப்படியாவது தேத்துங்க, இப்படியே விட்டா ஆள் இருக்காது" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான் ராத்திரி பகல் தெரியாமல் ஆட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பேய்க்காரர் வந்தார். முகத்தில் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. மேல்வாயில் இருந்த ஓட்டையை அடைக்க ஆஸ்பத்திரியில் தற்காலிகமாக ஒரு பிளேட் கொடுத்திருந்தார்கள். அதைக் கழற்றினால் சொல்லெல்லாம் மூக்குவழியாகப் போய்விடும். தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். நிரந்தரமாக ஒன்று செய்ய வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியிலேயே செய்துகொடுப்பார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"என் வாய் உங்க அக்காவுக்குத்தான்மா தெரியும்" என்றார் என்னிடம். இந்தத் தடவை முன்வாசல் வழியாக வந்து, பெயர் எழுதி, முறைக்குக் காத்திருந்து உள்ளே போனார்.

டாக்டர் ஓட்டைக்குள் பஞ்சுத்துணி வைத்து, மாவு நிரப்பிய ட்ரேயை அழுத்தினார். இறுகுவதற்கு மூன்று நிமிடம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அடுத்த அறையில் ஒரு நோயாளி கூப்பிட்டார். "நீ பிடிச்சுக்கோம்மா" என்று அக்காவிடம் கொடுத்துவிட்டு டாக்டர் போனார். நான் பேய்க்காரரின் தாடைக்குக் கீழே கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றேன்.

அக்கா இரண்டு விரலால் ட்ரேயைத் தாங்கியபடி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மொட்டு, கத்தி, நாலு தடவை, எல்லாவற்றையும். அவரால் வாய் திறந்து பதில் சொல்ல முடியாத அந்த மூன்று நிமிடத்தைத்தான் அவள் இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "நான் பார்த்திருந்தா உங்க வாயி உங்ககிட்டயே இருந்திருக்கும்யா" என்றாள். விரல் மட்டும் ஆடவில்லை. அவர் அசையவே இல்லை. அசைந்தால் அளவு கெட்டுப்போகும். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது அந்த மாவை வாயில் வைத்தால் எல்லோருக்கும் வழியும்.

டாக்டர் வந்து ட்ரேயை எடுத்துவிட்டுப் போனார். பேய்க்காரர் வாய் கொப்பளித்தார். பிளேட்டைக் கழுவி, மாட்டி, துண்டால் முகவாயைத் துடைத்து, அந்தத் துண்டை நாலாக மடித்துத் தொடைமேல் வைத்தார்.

"முதல் மாசமே டாக்டர்கிட்ட காட்டினேனேம்மா" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். "யார்கிட்ட?"

"எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பல் டாக்டர். மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு, எங்கடா கண்ணாடின்னு மேசையெல்லாம் தேடற ஆளு. விளக்கு அடிச்சு, கண்ணாடி வெச்சு, நல்லாத்தான் பார்த்தாரு. 'பிளேட் உரசின புண்ணு, செஞ்சவங்களையே தேய்ச்சுத் தரச் சொல்லுங்க'ன்னாரு. அதனாலதான் உன்கிட்ட வந்தேன். மறுபடி ரெண்டு தடவை போனேன், அதையேதான் சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "படிச்ச டாக்டரு வாயைத் திறந்து பார்த்தே தெரியல. நீ பிளாஸ்டரைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

"நிஜமாவா?"

"நான் உன்கிட்ட என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது உடைந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் நாற்காலியிலிருந்து கஷ்டப்பட்டு இறங்கி, முட்டிபோட்டு அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டார். அவள் அழுது முடித்து, "அந்தக் கண்ணாடியைக் கண்டுபிடிச்சானா இல்லையா?" என்று கேட்டுச் சிரிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த நோயாளிகளை நான் ஒரு மணி நேரம் சமாளித்தேன்.

அன்று மதியம் அக்கா இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். அந்தப் பிளேட்டை ஒன்பது நாள் செய்தாள். அவள் கைவேலையில் அதற்கு இணையாக ஒன்று இல்லை. அதை மாட்டிக்கொண்டு அவர் மறுபடி பேசினார். நாடகம் மட்டும் முடியவில்லை. இரண்டு மணி நேரம் நிற்க உடம்பில் வலு இல்லை. திங்கட்கிழமைகளில் மட்டும் வருவார், டாக்டரிடம் வாயைக் காட்டிவிட்டு, அக்காவோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். ஒன்றரை வருடம். பிறகு கழுத்தில் கட்டி வந்தது. அதற்கு மருந்து இல்லை என்றார்கள்.

அவர் இறந்த அன்று நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். இரண்டு அறைகள், சுவரில் ஒரு படம்கூட இல்லை. வேறு ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் வந்திருந்தாள். அக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். வந்தவர்களில் நெற்றியில் கண்ணாடி ஏற்றிய ஆள் எவனாவது இருக்கிறானா என்று தேடிக்கொண்டிருந்தேன். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

கடைசியில் மகளிடமே கேட்டேன். "இங்க பக்கத்துல இருக்காரே பல் டாக்டர், அவர் வரலையா?"

"எந்தப் பல் டாக்டர்? இந்தப் பக்கத்துல யாரும் இல்லையேக்கா."

"அப்பா வாயைக் காட்டினாரே, ஆரம்பத்துல."

அந்தப் பெண் அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தாள். "அப்பாவா? டாக்டர்கிட்டயா? ஊரையே பயமுறுத்துவாரு, ஊசின்னா கட்டிலுக்கு அடியில ஒளிவாரு. நான் போன்ல எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா, யார்கிட்டயாவது காட்டுப்பான்னு. 'பல்லுக்கார அம்மா பார்த்துக்கிறாங்க, அவங்களுக்குத் தெரியாத வாயா'ன்னுட்டாரு. உங்க அக்காகிட்ட தவிர யார்கிட்டயும் அவர் காட்டலைக்கா."

கூடத்தில் அக்கா அவர் முகத்தை மூடியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், இதை என் அக்காவிடம் எந்தக் காலத்திலும் சொல்லாதே என்று கெஞ்சினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அப்பாவைத் தெரிந்த பெண்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். திடீரென்று, "பார்த்தியா, அந்தக் கண்ணாடிக்காரன் ஒரு எட்டு வந்து எட்டிப் பார்க்கலை" என்றாள்.

"அவனெல்லாம் ஒரு டாக்டரா!" என்றேன் நான். "கண்ணைப் பொடனியில வெச்சுக்கிட்டு வைத்தியம் பார்த்தா இப்படித்தான். ஒரு உயிரைத் தின்னுட்டு நிம்மதியா இருக்கான். விளங்குவானா அவன்?" முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு நிறுத்த முடியவில்லை. பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்பது எனக்குத் தெரியும். கதவைத் திறந்துவிட்டவளுக்கு அப்படி முட்டிபோட்டு உட்கார்ந்து பொய் சொல்ல யாரும் இல்லை.

அப்புறம் பதினோரு வருடம் அவனைத் திட்டினோம். பால் திரிந்தால் திட்டினோம், மழையில் துணி நனைந்தால் திட்டினோம். டாக்டர்கள் யாராவது தவறு செய்ததாகச் செய்தி வந்தால் அன்றைக்குச் சமையலே தாமதமாகும். அக்கா வேலையை விட்டாள், நானும் விட்டேன். அவன் மட்டும் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாக இருந்தான்.

போன வருடம் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதயம். ஒரு மதிய நேரம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அக்காவைப் பார்க்க வந்த சின்ன வயது டாக்டர் ஒருவர், தன் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு சட்டைப் பையில் தேடிக்கொண்டிருந்தார். அக்கா அவரையே பார்த்தாள். அவர் போனபிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கண்ணாடிக்காரனை நாம ரொம்பத் திட்டிட்டோம்டி."

"திட்டாம? செஞ்ச வேலைக்கு?"

"வேணும்னா செஞ்சிருப்பான்? அவனுக்கும் அவரைப் பிடிச்சுத்தான் இருந்திருக்கும். தெரியாம நடந்துபோச்சு. பாவம், அவன் எத்தனை நாள் தூங்காம கெடந்தானோ." மூச்சு வாங்கியது. வாயை மூட அவள் கை எழவில்லை; அந்த ஏறிய பல் தெரியச் சிரித்தாள். "போகட்டும், விட்டுடு. இனிமே அவனைத் திட்டாதே."

"சரிக்கா" என்றேன். உரித்த சுளையை அவளிடம் கொடுக்க மறந்து, நானே தின்றுகொண்டு அழுதேன்.